கம்ப்யூட்டர் இறைத்த தண்ணீர்

கிணற்றுக்கு மோட்டார் போடுவதில்லை என்று இயற்பியல் ஆசிரியர் இளையபெருமாள் சபதமே எடுத்திருந்தார். கோடை தொடங்கியதிலிருந்து அவர் மனைவி சிந்தாமணிக்கு வேறு பேச்சே கிடையாது.

"கை காப்பு காய்ச்சிடுச்சுங்க. தண்ணி பாதாளத்துல கெடக்கு."

"அதுக்குத்தான கப்பி மாட்டியிருக்கேன்? பாரமே தெரியாது. விஞ்ஞானம் தெரியாம பேசாத."

விஞ்ஞானம் போன வருஷம்தான் டி.வி. பெட்டி உருவத்தில் அரியலூருக்கு வந்திருந்தது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள் போகவேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டைத் துடைக்க இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதில் கப்பிப் பாடம் ஒன்று இருந்தது. கயிற்றின் ஒரு பக்கம் வாளி, மறு பக்கம் இழுக்கிற ஆள். எடைகளைத் தட்டிவிட்டால் வாளி திரையில் ஏறும், இறங்கும்.

இதைக் காட்டினால் அவள் வாயடைத்துப் போவாள் என்று கணக்குப் போட்டு, ஒரு சனிக்கிழமை மனைவியை அழைத்துப் போனார். அறைச் சாவியை இடுப்பை விட்டு இறக்காத தலைமை ஆசிரியர் அய்யம்பெருமாளும் பக்கத்தில் நின்றார்.

இளையபெருமாள் வாளிக்கு இருபது கிலோ தட்டினார். "உன் எடை என்ன?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

அதையும் தட்டினார். வாளி மெல்ல மேலே வந்தது.

"பாத்தியா? தானா வருது."

"இது பொய் சொல்லாதுங்களா?"

"மனுஷன் சொல்லுவான், இது சொல்லாது. வேணும்னா சாரைக் கேளு."

"ஆமாம்மா. இது சொன்னா சொன்னதுதான்" என்றார் தலைமை ஆசிரியர்.

"அப்ப நானும் ஒரு தடவை தட்டிப் பாக்கட்டுமா?"

இளையபெருமாள் பெருமையோடு நாற்காலியை விட்டு எழுந்தார். சிந்தாமணி ஒற்றை விரலால் எண்பத்துநாலு என்று தட்டினாள். வாளி விர்ரென்று ஏறி உச்சியில் போய் நின்றது.

"இது யாரு எடை?"

"உங்க எடைதாங்க. நான் இழுத்தா ஆடி அசைஞ்சு வருது. நீங்க இழுத்தா பறந்து வருதே. ஏன் சார், நான் பாத்தது சரிதானுங்களா?"

தலைமை ஆசிரியர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரிதாம்மா. இனிமே சார் இழுக்கறதுதான் விஞ்ஞானம்."

திங்கட்கிழமைக்குள் இந்தத் தீர்ப்பு ஆசிரியர் அறை முழுக்கப் பரவிவிட்டது. மறுத்துப் பேசினால் பாடமே பொய்யாகிவிடும். எனவே இளையபெருமாள் விடிந்ததும் கிணற்றடிக்குப் போக ஆரம்பித்தார். திரையில் வந்த வாளிக்கு உராய்வு கிடையாது, ஓட்டை கிடையாது, துவைக்கிற துணி கிடையாது. வீட்டில் எல்லாம் இருந்தது.

ஒரு வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்ட மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சிந்தாமணி, நீ சொன்னதும் நியாயம்தான். மோட்டார் ஒண்ணு போட்டுடலாமா?"

"எதுக்குங்க? வூட்டுலதான் ஏற்கெனவே ஒண்ணு நல்லா ஓடுதே."