வெள்ளை வட்ட மாத்திரை

ஒரு விடுகதை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸைத் துரத்தி ஓடினால் பேசாமல் இருக்கும். விடியற்காலையில் சும்மா படுத்திருந்தால் நெஞ்சைப் பிடித்து அழுத்தும். அது என்ன?

யோசியுங்கள். நானும் மாதக்கணக்கில் யோசித்தேன். விடையை டாக்டர் லிபிதான் சொன்னார்: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். என்னுடையது ஓய்வு நேரம் பார்த்துத் திடீரென்று சுருங்கிக்கொள்கிறதாம்.

"பழைய மாத்திரை வேண்டா. அது சுருக்கத்தைக் கூட்டும். இனி இந்தப் புதுசு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். முதல்ல தலை வலிக்கும், பின்னே பழகிடும். நீங்களா நிறுத்தக் கூடாது, கேட்டோ?"

தலையாட்டினேன். மறுநாள் அந்தத் தலைக்குள் செண்டை மேளம். முகம் மிளகாய்ப்பழம். கணுக்கால் பூசணிக்காய்.

எந்த மாத்திரை என்ன செய்கிறது என்று நானே பார்த்துவிடத் தீர்மானித்தேன். பழையதும் வெள்ளை, புதியதும் வெள்ளை, இரண்டும் வட்டம். மனைவி பத்மஜா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வாரம் முழுவதற்கும் நிரப்பி வைத்திருந்த பெட்டியில் புதியதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். மகள் அஸ்வதி பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிறவள் நிமிர்ந்து பார்ப்பாளா என்ன?

அதிசயம்! தலைவலி நாளுக்கு நாள் குறைந்தது. விடியற்காலைப் பிடிப்பும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே வெற்றியை அறிவித்தேன்.

"பத்மஜா, டாக்டர் தோத்தாச்சு. பழைய மாத்திரைதான் என்னைக் காப்பாத்தித்து."

"எந்தப் பழைய மாத்திரை?"

"நான் பெட்டியில மாத்தி வெச்சது."

"அதுவா? அன்னிக்கே எடுத்துக் களைஞ்சாச்சு. நீங்க தினம் முழுங்கினது புதுசாக்கும்."

"பொய்! பாத்தா எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுத்தானே மாத்திரை போட்டுக்கறேள்!"

"அப்போ தலைவலி போனது?"

"பழகிடும்னு டாக்டர் சொன்னாளே. பழகிடுத்து." அவள் குரல் திடீரென்று இறங்கியது. "விடியக்காலம் முழிச்சுண்டு உங்க மூச்சைக் கேட்டுண்டு கிடக்கறேன். உங்களுக்கு இது விளையாட்டா?"

காப்பி ஆறிவிட்டது.

"சரி, உனக்கு யார் சொன்னா?"

அஸ்வதி மும்முரமாகப் பென்சில் சீவினாள்.

மிச்ச மானத்தையாவது காப்பாற்ற வேண்டுமே! தீர்ப்பைக் குழந்தையிடம் விட்டேன்.

"அஸ்வதி, நீயே சொல்லு. இனிமே இந்தப் பெட்டி யார் பொறுப்பு? அப்பாவா, அம்மாவா?"

அஸ்வதி பெட்டியை அம்மாவிடம் கொடுத்தாள். என்னிடம் என் கண்ணாடியைக் கொடுத்தாள்.