டெல்மரின் வான்கோழி ஊர்வலம்

வான்கோழி சுடுவது என்று டெல்மர் ஒவ்வொரு வசந்தத்திலும் முடிவு செய்வார். அதில் புதுமை ஒன்றும் இல்லை. இந்த வருஷம் அவர் செய்தது அதைவிடப் பெரிய முடிவு. சுட்ட வான்கோழியை எதிலும் மூடாமல், காலைப் பிடித்துத் தோளில் போட்டு, சிவந்த தலை முதுகில் ஆட, இறக்கை இரண்டும் விரிய, மைத்துனன் ராய்ஸின் கடை வாசல் வழியாக நடந்தே வீட்டுக்கு வருவது. கடையில் காப்பி குடிக்கும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு அவர்களுக்குக் காப்பி இறங்கக் கூடாது.

அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கத்தில் இது ஒன்றும் பேராசை இல்லை. ஆனால் டெல்மருக்கு நேடீன் என்றொரு மனைவி இருந்தாள்.

நேடீன் பள்ளிக்கூடச் சமையலறையின் தலைவி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் கையால் சாப்பிடுகிறார்கள், ஒருத்தனுக்கும் இதுவரை வயிறு வலித்ததில்லை. வலிக்கிறது என்று சொல்லவும் பயம் என்பது டெல்மரின் கட்சி. வேட்டைக் கோழிக்கு அவள் சட்டதிட்டம் வைத்திருந்தாள். ஆள் வருகிறான் என்று தூரத்திலிருந்தே தெரிகிற ஆரஞ்சுத் துணியில் காட்டிலேயே சுற்ற வேண்டும். நேரே வீட்டுக்கு வர வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இறகு, குடல், ரத்தம் எதுவும் அவள் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது.

துணி விஷயத்தில் ஊரே அவள் பக்கம்தான். ஏப்ரல் மாதக் காட்டில் மரத்துக்கு ஒரு ஆள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் துப்பாக்கியோடு, மரப்பெட்டி மூடியைத் தேய்த்துப் பெட்டைக்கோழி மாதிரிக் குரல் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பான். புதருக்கு நடுவே சிவப்புத் தலை ஒன்று ஆடியபடி போனால், அது செத்த கோழி, கீழே இருப்பது உயிருள்ள டெல்மர் என்றெல்லாம் அவன் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க மாட்டான்.

"துணியச் சுத்திட்டு வந்தா அது வான்கோழி மாதிரியா இருக்கும்? துவைக்கப் போட்ட போர்வை மாதிரி இருக்கும்," என்றார் டெல்மர்.

"போர்வைய எவனும் சுடமாட்டான்ல?"

"என் காடு. வேலி போட்டிருக்கேன். எவன் வருவான்?"

"போன வருஷமும் இதே வாய்தான் பேசிச்சு. ராய்ஸ் கடை வாசல்ல வண்டிய வெயில்ல நிறுத்திட்டு, சுட்ட கதையச் சொல்லிச் சொல்லியே ஒரு முழுக் கோழிய நாறடிச்சவரு நீங்க."

"அது வெயிலோட தப்பு."

"கதையோட நீளத்துக்கும் அதுல பங்கு உண்டு."

டெல்மருக்குச் சுருக்கென்றது. அந்தச் சூட்டிலேயே பந்தயம் கட்டினார். கோழியைத் தன் இஷ்டப்படி, ஆரஞ்சுத் துணி ஒரு நூல்கூடப் படாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தால், அதன் வால் விசிறி முன்னறையில் கணப்புக்கு மேலே ஏறும். இப்போது அங்கே தொங்கும் நேடீனின் அத்தை தைத்த ஒட்டுத்துணிப் போர்வை பெட்டிக்குள் போகும். கோழியை உரித்துச் சுத்தம் செய்வதும் நேடீன்தான். துணி பட்டுவிட்டால்? போர்வை அங்கேயே இருக்கும், எல்லா வேலையும் டெல்மர் தலையில், அதுவும் அவள் சட்டப்படி.

நேடீன் சரி என்றாள். உடனே சரி என்றாள். மறுபேச்சே இல்லை. இதில் டெல்மருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்கோ சந்தோஷத்தில் பசி எடுத்தது.

வேட்டைக்குப் போகிற அன்று விடியுமுன் அவர் விளக்குப் போடாமல் எழுந்தார். பனி இன்னும் விடவில்லை. கட்டில் காலடியில் நேடீன் புது உள்டிராயர் ஒன்றை மடித்து வைத்திருந்தாள், கணுக்கால் வரை இழுத்துக்கொள்கிற கனமான வகை. "குளிருது, போட்டுக்குங்க," என்று போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள். தோற்கப்போகிறவளின் அன்பு என்று நினைத்து டெல்மர் நெகிழ்ந்துபோனார். இருட்டிலேயே மாட்டிக்கொண்டு, மேலே கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழக்கமாக அவள் அவர் பையில் திணிக்கும் ஆரஞ்சுத் துணியைத் தேடி எடுத்து, சாப்பாட்டு மேசை நடுவில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய பழைய மரப்பெட்டி மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மூடியில் கீறல் விழுந்த பெட்டி அது. மூன்றாவது குரலில் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கும். போனால் போகிறது என்று புதுப்பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அன்று டெல்மரின் நாள். கருவாலி மரத்தடியில் உட்கார்ந்து முதல் குரல் கொடுத்ததுமே மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சேவல் பதில் கொடுத்தது. இவர் கொஞ்சினார். அது கர்ஜித்தது. இவர் சிணுங்கினார். அது மரக்கிளைகள் நடுங்க மறுபடி கர்ஜித்தது. பிறகு சத்தமே இல்லை. டெல்மரின் நெஞ்சு அடிக்கிற அடியில் கோழி ஓடிவிடுமோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. அப்புறம் மேட்டு விளிம்பில் வால் மட்டும் தெரிந்தது, முழு விசிறியாக, காலை வெயில் அதில் செம்பு மாதிரி ஏறி. பின்னால் தலை. சிவப்பும் வெள்ளையும் நீலமுமாய், மாப்பிள்ளை முறுக்கோடு. மார்பிலிருந்து தொங்கிய மயிர்க்கற்றைத் தாடி தரையைத் தொட்டது. டெல்மர் சுட்டார். ஒரே வெடி, கோழி விழுந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

அவர் ஓடிப்போய்க் கோழியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். கொஞ்சம் ஆடவும் செய்தார், சாட்சி இல்லாததால் அதை விட்டுவிடலாம். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தார், அதில் மட்டும் அவர் என்றைக்கும் ஒழுங்கு. சேவலின் காலில் வேட்டை அனுமதிச் சீட்டைக் கட்டித் தூக்கித் தோளில் போட்டார். கனம் தோளை அழுத்த அழுத்த மனசு பறந்தது. ராய்ஸின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நாலு எட்டு வைத்திருப்பார்.

அப்போதுதான் பக்கத்துப் புதரிலிருந்து பெட்டைக்கோழிக் குரல் கேட்டது.

டெல்மர் நின்றார். அது கோழி இல்லை. மூடி தேய்க்கிற ஓசை அவருக்குத் தெரியாதா? ஆள். அவர் காட்டுக்குள் ஆள். அவர் முதுகிலோ சிவப்புத் தலை ஆடிக்கொண்டிருந்தது. கோழியோடு சேர்ந்து தொப்பென்று குப்புற விழுந்தார்.

யாராக இருக்கும்? ஹாஸ்கலாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்துப் பண்ணைக் கிழவர், காது மந்தம், கண்ணும் அப்படித்தான். போன வருஷம் சேவல் என்று நினைத்துத் தன் சொந்தத் தள்ளுவண்டியையே சல்லடையாக்கியவர். இந்த நிலைமையில் கையை ஆட்டக் கூடாது, கோழிக்குரல் கொடுக்கக் கூடாது, மனுஷக் குரலில் உரக்கப் பேச வேண்டும் என்று நேடீன் சொன்னது டெல்மருக்கு ஞாபகம் வந்தது.

"யோவ் ஹாஸ்கல், நான் டெல்மர். மனுஷன்யா. சுட்டுடாத."

பதிலுக்குப் பெட்டை கொஞ்சலாகக் கூவியது.

"நான் கோழி இல்லய்யா. கோழி செத்துப்போச்சு. அடியில இருக்கறவன்தான் நான்."

பெட்டை இன்னும் கிட்டத்திலிருந்து கூவியது. இவ்வளவு கத்தியும் கேட்காத காது அந்த ஜில்லாவிலேயே ஹாஸ்கலுக்குத்தான் உண்டு. கோழியை அங்கேயே போட்டுவிட்டு ஊர்ந்து போகலாம். ஆனால் அந்தக் கோழி, அந்தத் தாடி, கணப்புக்கு மேல் அந்த விசிறி! விட மனசு வரவில்லை. தூக்கினால் சூடு, விட்டால் சோகம். மேசை நடுவில் கிடக்கும் ஆரஞ்சுத் துணி கண்முன் வந்தது. அழுகையும் கொஞ்சம் வந்தது.

அப்படியே தலையைத் திருப்பிக் காலைப் பார்த்தார். விழுந்த வேகத்தில் கால்சட்டை முழங்கால் வரை ஏறியிருந்தது. உள்ளே புது உள்டிராயர் பளபளத்தது. அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு.

கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் டெல்மர் நேடீனைக் கூப்பிட்டார். இது அவர் வாயாலேயே ஒருநாள் ஒத்துக்கொண்டது. படுத்தபடியே பூட்ஸைக் கழற்றினார், கால்சட்டையை உருவினார், உள்டிராயரை உருவினார். சேவலை அதற்குள் தலைகீழாகத் திணித்து, டிராயரின் கால் இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டார். பூட்ஸை மாட்டி, கால்சட்டைக்குக் கை நீட்டும்போது பெட்டை அந்தக் கால்சட்டை கிடந்த பக்கத்திலிருந்தே கூவியது. மூன்றாவது குரலில் கரகரப்பு. அதைக் கவனிக்கிற நிலையிலா இருந்தார் அவர்? கோழியை அள்ளினார், துப்பாக்கியை அள்ளினார், ஓடினார். மேலே வேட்டைச் சட்டை, கீழே பூட்ஸ், நடுவில், உள்டிராயருக்கும் அடியில் போட்டிருந்த பூப்போட்ட அரைக்கால் உள்ளாடை.

பயத்தில் ஓடுகிறவன் பழகின வழியில்தான் ஓடுவான். அவருக்குப் பழகின வழி ராய்ஸின் கடை வாசலைச் சுற்றிப் போகிற வழி. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அவர் நினைத்தபடியே யாருக்கும் காப்பி இறங்கவில்லை, சிலருக்கு மூக்கு வழியாக வெளியே வந்தது.

"மாமா, துணி துவைக்கப் போறீங்களா, துவைச்சிட்டு வரீங்களா?" என்றான் ராய்ஸ்.

"உள்ள சேவல் இருக்குடா மச்சான். தாடி தரையத் தொடுது."

"அத விடுங்க, உங்க கால்சட்டை எங்க இருக்கு?"

டெல்மர் பதில் சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றார். கடை மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார் ஹாஸ்கல். காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறார் என்றான் ராய்ஸ். அப்படியானால் காட்டில் இருந்தது யாரோ வெளியூர்க்காரன், கொலைக்கு அஞ்சாதவன். டெல்மர் மீதி தூரத்தையும் ஓடியே கடந்தார்.

வீட்டில் நேடீன் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, இப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்தவள்போல் வாசலில் நின்றாள். முகம் மட்டும் வேர்த்திருந்தது. டெல்மர் மூச்சு வாங்கியபடி சொன்னார். ரெண்டு பேர். மலை மாதிரி ஆளுங்க. இவரைக் குறிவைத்துச் சுற்றி வளைத்தார்கள். இவர் ஒருத்தராகச் சமாளித்தார். நேடீன் நெஞ்சில் கைவைத்துக் கேட்டாள். "அய்யோ, அப்புறம்?" என்று வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டாள். கடைசியில் மூட்டையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஆரஞ்சுத் துணியில்ல?"

"இது உள்டிராயர். துணிக் கணக்குல வராது."

"அப்ப கடைக்குப் போய் ராய்ஸையும் ஹாஸ்கலையும் பொதுவுல வச்சுக் கேட்டுடலாமா? வாங்க, இப்படியே போவோம்."

டெல்மர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். துணிதான் என்று ஒத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்தது பள்ளிக்கூடச் சமையலறை ஆட்சி. வண்டியின் பின்பலகையை இறக்கி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு டெல்மர் இறகு பிடுங்கினார். நேடீன் நாற்காலி போட்டுக் காப்பியோடு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். குடலை எடுத்ததும் ஈரலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். புள்ளி, கட்டி எதுவும் இல்லை என்று தலையாட்டினாள். கழிவை நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கச் சொன்னாள். ஆழம் போதாது என்று மறுபடி தோண்டச் சொன்னாள். இறைச்சியில் ஈயக்குண்டு கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வைத்தாள். உடனே பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைக்க வைத்தாள். கத்தியை, பலகையை, வண்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்க்க வைத்தாள். அரிக்கிற மூக்கைச் சொறியக்கூட விடவில்லை. "கையுறையோட முகத்தத் தொடாதீங்க" என்று அவளே வந்து சொறிந்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் டெல்மருக்குப் பந்தயத்தில் தோற்றது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை.

சாயங்காலம் சுத்தம் செய்த மார்புத்துண்டு அடுப்பில் வெந்தது, நேடீன் அதில் வெப்பமானியைக் குத்திப் பார்த்துத் திருப்தியடைந்தாள், வாசனை கொல்லை வரை வந்தது. டெல்மர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொல்லைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒரு நிம்மதி. உயிர் இருக்கிறது, கோழி இருக்கிறது. காட்டில் இருந்தவன் மட்டும் யாரென்று தெரியவில்லை.

கை துடைக்க நிமிர்ந்தவர் துணிக்கொடியைப் பார்த்தார். காட்டில் விட்டுவந்த அவருடைய கால்சட்டை, துவைத்து, உதறி, இரண்டு கவ்வி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே நிற்கும்போது சமையலறையிலிருந்து பெட்டைக்கோழி கூவியது. மூன்றாவது குரலில் கரகரத்தது.

டெல்மர் இன்னொரு தடவை கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.