ஞாயிறு பள்ளிப் பாட்டுகள், பாகம் இரண்டு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. மேடையில் மினுமினுக்கும் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் மைக்கும் மறுகையில் டிஜே மிஷினுமாக ஆடிப் பாடுகிற பெண்ணைப் பார்த்து 'என்ன தைரியம்!' என்று வாயைப் பிளப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவது நல்லது. என் குரலில் ஒரு நடுக்கம் இருக்கிறதல்லவா? அதைப் பழைய டிஸ்கோ பாணி என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பாணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது பயம்.

அந்தக் காலத்துக் கீபோர்டு ஒலிகளை வைத்து நானே ஆட்டப் பாட்டு எழுதி, நானே பாடி, நானே இணையத்தில் ஏற்றுவதுதான் என் தொழில். இதற்காகத் திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பகுதியில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டேன். அப்பா அதே ஊரில் சாலைக் கடைத்தெருவில் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில் சில வருடம் கல்ஃபில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். நான் ராஜினாமா செய்த அன்று அதில் பாதியை எனக்காகச் செலவழித்தார்.

"ஆறு மாசம் தாறேன். பொறவு பாப்போம்."

ஆறாவது மாதம் முடிகிற வாரத்தில் அத்தை மகளுக்குக் கல்யாணம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போலத் திருவனந்தபுரத்துக்காரர்கள். ரிசப்ஷனுக்கு டிஜே வேண்டும் என்று அவர்கள் கேட்க, அத்தை என் தலையில் கட்டிவிட்டாள். "நம்ம பிள்ள இருக்கச்சில வெளி ஆளு என்னத்துக்கு?" அப்பா அதுவரை என் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை நான் மறுபடியும் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டியதுதான். பழைய மேனேஜர் வேறு 'இடம் காலியாகத்தான் இருக்கிறது' என்று அன்பாக மெயில் அனுப்பிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

அத்தையைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அவளிடம் ஒரு போர்வை உண்டு. ஆரஞ்சு நிறம், நடுவே முறைக்கிற ஒரு புலி. அப்பா கல்ஃபிலிருந்து கொடுத்து அனுப்பியது. முப்பது வருடத்துக்கு மேலாக நாப்தலின் உருண்டை போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அது வெளியே வரும். "எந்தம்பி எனக்குன்னு கடை கடையா ஏறி எறங்கி வாங்கினதாக்கும்." பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரே பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் புலியைத்தான் பார்த்தார்கள்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். ரிசப்ஷனுக்காக ஒரு புதுப் பாட்டு தயார் செய்தேன். அதற்கு நிஜமான பழைய தாளம் வேண்டும் என்று வீட்டைக் கிளறியபோது அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு கேசட் கிடைத்தது. அம்மாவின் குண்டு கையெழுத்தில் மேலே 'ஞாயிறு பள்ளிப் பாட்டுகள், பாகம் இரண்டு' என்று எழுதியிருந்தது. (சர்ச் சிறுவர் பாட்டுக் கேசட்டைப் பட்டுப்புடவைக்கு அடியில் எதற்காக ஒளித்துவைப்பார்கள் என்று யோசிக்கும் அறிவு எனக்கு அன்று இல்லை.) போட்டுப் பார்த்தால், மலிவான கீபோர்டு ஒன்றில் 'டிஷ்க் டிஷ்க்' என்று அற்புதமான டிஸ்கோ தாளம்! அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கால் நிமிடம் கேட்டேன், போதும் என்று நிறுத்திவிட்டேன். அடுத்து எப்படியும் குழந்தைகள் கோரஸாகக் கத்தப்போகிறார்கள், அதை யார் கேட்பது?

எங்கள் மிஷினில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் தாளத்தின் ஒரு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் நான் பாடுவேன். மறுபடி அமுக்கினால் கட்டு அவிழ்ந்து, பதிவு தன் போக்கில் மேலே போகும். ஒழுங்கான ஆட்கள் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வார்கள். நான் முழுக் கேசட்டையும் அப்படியே விட்டுவைத்தேன். பட்டன்தான் இருக்கிறதே!

ரிசப்ஷன் தம்பானூர் பக்கம் ஒரு ஆடிட்டோரியத்தில், மாலை நாலு மணிக்கு. முன்வரிசையில் அப்பா, அம்மா, அத்தை, அவர்களுக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு பாஸ்டர். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, பழுதான மிக்ஸியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் மைக்கை ஆன் செய்யாமலே மூன்று தடவை 'ஹலோ' சொன்னேன்.

சவுண்ட் பார்த்துக்கொண்டிருந்த மலையாளி சேட்டன் இரக்கப்பட்டு, "மோளே, பேடிக்கண்டா. ஒன்னும் சம்பவிக்கில்லா" என்றார். பயப்படாதே, ஒன்றும் நடக்காது என்று அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் பாட்டு தப்பித்தது. இரண்டாவதில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட வந்தார்கள். அப்பாவின் வலது கால் லேசாக ஆடியதுபோல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வருவதற்குப் பதிலாகப் பயம் இரண்டு மடங்கானது. புதுப் பாட்டைத் தொடங்கினேன். தாளம் சுழன்றது, நான் நாலு வரி பாடினேன். ஒலியைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று கையை நீட்டினேன். வியர்த்த விரல் வழுக்கி அந்தப் பட்டனில் விழுந்தது.

கட்டு அவிழ்ந்தது. 'டிஷ்க் டிஷ்க்' நிற்கவில்லை. அதன்மேல் ஒரு ஆண் குரல், தேன் ஒழுகப் பேசத் தொடங்கியது.

"எம் பொன்னு ரோஸி, சொகமா இருக்கியா? நம்ம ரூம்காரன் புதுசா கீபோர்டு வாங்கியிருக்கான். உனக்காகத் தாளம் போட்டுத் தாறான், கேட்டியா? நேத்தும் உன் போட்டோவ தலகாணிக்கு அடியில வச்சுத்தான் உறங்கினேன்."

ரோஸி என் அம்மா. பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதரின் குரலை அடையாளம் காண எனக்கு மூன்று விநாடி பிடித்தது. கல்ஃபில் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கூட்டுக்குடும்பத்தில் மற்றவர்கள் எடுத்துக் கேட்டுவிடக் கூடாதென்று அம்மா அதன் மேல் ஞாயிறு பள்ளியை எழுதிவைத்திருக்கிறாள்!

நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, எதை அமுக்கினால் நிற்கும் என்பது மட்டும் தெரியவில்லை. கைக்கு அகப்பட்ட எதையோ திருகினேன். அது எதிரொலிக்கான குமிழ்.

"ரெண்டு போர்வ குடுத்துவிட்டிருக்கேன். ரோஜாப்பூ போட்டது உனக்கு. அது வாங்கினதுக்குக் கடைக்காரன் சும்மா தந்ததுதான் அந்தப் புலி. பாத்தா எனக்கே பயமாட்டு இருக்கு. அத அக்காவுக்குக் குடு... குடு... குடு... குடு..."

மாப்பிள்ளையின் நண்பர்கள் இதெல்லாம் பாட்டு என்றே நினைத்தார்கள். "குடு! குடு! குடு!" என்று கையைத் தூக்கிக் குதித்தார்கள். பாஸ்டரின் கரண்டி பாதி வழியில் நின்றது. அப்பா எழுந்து மேடையை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலெக்ட்ரீஷியன் அல்லவா, நேராகப் போய் மேடையின் பிளக்கைப் பிடுங்கினார்.

அரங்கமே அமைதியானது. அந்த அமைதியில் அத்தையின் குரல் கேட்டது.

"எந்தப் புலி?"

அத்தையின் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு வேலையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அம்மா மெல்ல, "மைனி, அது வந்து..." என்றாள்.

"நீ சும்மா இரி. மிச்சத்தப் போடச் சொல்லு."

"வேண்டாம்க்கா," என்றார் அப்பா.

"போடுலே!"

முப்பது வருடத்துக்கு மேல் கடை நடத்தும் அப்பா, அடிவாங்கப் போகிற பையனைப் போல் பிளக்கைத் திரும்பச் செருகினார். மிஷின் உயிர் பெற்றதும் விட்ட இடத்தைத் தேடி நானே அமுக்கினேன். அதைவிடப் பயந்து நான் எந்தப் பட்டனையும் அமுக்கியதில்லை.

"அவகிட்ட தனியாட்டு வாங்கினதுன்னு சொல்லணும், கேட்டியா? பாவம், சந்தோசப்படுவா. பொறவு ரோஸி, ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. இங்க உறக்கத்துலயும் அக்கா வைக்கிற மீன்கொளம்புதான் மணக்கு. நீ வைக்கியது வெந்நியில மீன் நீந்தியது மாதிரியில்லா இருக்கு. ஒரு வாரம் அவகிட்ட போயி நின்னு படிச்சுக்கோ..."

அத்தை மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள். பாஸ்டரும் சிரித்தபோது கூட்டம் முழுவதும் சிரித்து உருண்டது. மாப்பிள்ளையின் நண்பர்கள் 'மீன்கொளம்பு' பாட்டை இன்னொரு தடவை கேட்டார்கள். சவுண்ட் சேட்டன் கட்டைவிரலை உயர்த்தி "அடிபொளி!" என்றார். சிரிக்காத ஒரே ஆள் அம்மாதான்.

வீடு திரும்பும் வழியில், கிழக்கேகோட்டை சிக்னலில் கார் நிற்கும்போது அப்பா முன்சீட்டிலிருந்து சொன்னார்:

"இனிமே முழுசா கேட்டுட்டுப் போடு."

அவமானத்தில் தலைகுனிந்திருந்த எனக்கு, அதில் 'இனிமே' என்று ஒரு வார்த்தை இருப்பது கரமனைப் பாலம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. இனிமேலும் பாடலாம்! பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். திங்கட்கிழமை மேனேஜருக்கு மன்னிப்பு மெயில் போனது.

எங்கள் வீட்டில் அதன்பின் நான்கு மாதம் மீன்குழம்பு வைக்கப்படவில்லை. பாகம் ஒன்றும், மூன்று முதல் ஒன்பது வரையும் பாங்க் லாக்கருக்குப் போய்விட்டன. குடும்பத்தில் இன்றும் யாருக்கு எந்தப் பரிசு கொடுத்தாலும், வாங்குகிறவர் பிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "ரோஜாப்பூவா, புலியா?"

புலி இப்போது என்னிடம் இருக்கிறது. கல்யாணம் முடிந்த வாரமே ஒரு தூக்குச்சட்டி மீன்குழம்போடு அத்தை அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "சும்மா வந்தத நீயே வச்சுக்கோ. எனக்குள்ளதுதான் அந்த டேப்புல வந்துட்டே." பாட்டுப் பதிவு செய்யும் அறையில் எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் கனமான துணி எதையாவது மாட்ட வேண்டும். நான் புலியை மாட்டியிருக்கிறேன். பாட வாயைத் திறக்கும்போதெல்லாம் நேர் எதிரே முறைத்துக்கொண்டிருக்கிறது. அப்பா சொன்னது சரிதான், பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.