கொல்லையில் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றிய முழு உண்மை

பதுளை,
துன்மதி வருஷம், ஆனி மாதம்.

பண்டாரவளையில் மளிகை வியாபாரம் நடத்திவரும் மதிப்புக்குரிய செல்வநாயகம் அவர்கள் சமுகத்துக்கு, பதுளை வைரவநாதன் வணக்கம் கூறி எழுதிக்கொள்வது.

இங்கே யாவரும் நலம் என்று தொடங்குவது மரியாதை. என் மனைவி வள்ளியம்மை என்னோடு பேசுவதில்லை, என் மகள் சந்திரகாந்தி சரியாகச் சாப்பிடுவதில்லை, கிணற்றுக்குள் இரண்டு மரப்பந்துகள் மிதக்கின்றன. இவை நீங்கலாக யாவரும் நலம். தங்கள் மனைவி மீனாம்பாள் அம்மாளின் கால் வீக்கம் வடிந்ததா என்று அறிய விரும்புகிறேன். தங்களைச் சம்பந்தி என்று எழுதலாமா என்று யோசித்தபோது, "அந்த வார்த்தையப் போட்டா கடுதாசியக் கிழிச்சு அடுப்புல போடுவாங்க" என்று வள்ளியம்மை சுவரைப் பார்த்துச் சொன்னாள். இப்போதெல்லாம் எனக்குச் சொல்லவேண்டியதைச் சுவரிடம்தான் சொல்கிறாள். நான் போடுகிறேன். கிழிப்பதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழியுங்கள், சம்பந்தி அவர்களே.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பெண் பார்க்க வந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டீர்கள். போனதும் அல்லாமல், வைரவநாதன் தன் கொல்லையில் செய்வினை வைத்திருக்கிறான் என்று பண்டாரவளைச் சந்தை முழுவதும் பேச்சாக இருக்கிறதாம். எனக்குச் செய்வினை தெரியாது. தெரிந்திருந்தால் ஹுமைத் நானாவிடம் வாரா வாரம் தோற்றிருப்பேனா? இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

ரயில் பாதைக்குப் பாலம் கட்டும் கல்வேலைக்கு வந்த பெப்பே என்ற இத்தாலிக்காரன் என் கொல்லைப்புறத்து அறையில் குடியிருக்கிறான். தாடிக்காரன், சத்தமாகச் சிரிக்கிறவன், மற்றபடி குறையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் பக்கத்துத் துணிக்கடை ஹுமைத் நானாவும் கொல்லையில் மரப்பந்து உருட்டிக் கூத்தடிப்பார்கள். சின்னப் பந்து ஒன்றை முதலில் வீசிவிடுவது. பிறகு பெரிய பந்துகளை அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி உருட்டுவது. யாருடைய பந்து கிட்ட நிற்கிறதோ அவருக்கு வெற்றி. அவ்வளவுதான் ஆட்டம். அவன் ஊரில் இதற்குப் போச்சே என்று பெயராம். பெயரிலேயே இருந்த அபசகுனத்தை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். பகல் தூக்கம் கெட்ட கோபத்தில் ஒருநாள் இதை நிறுத்தச் சொல்லத்தான் போனேன். காலடியில் கிடந்த பந்தை எடுத்து, "நீங்களும் உங்க பந்தும்!" என்று வீசினேன். அது ஆடி அசைந்து உருண்டு போய்ச் சின்னப் பந்தின் மேல் சாய்ந்து நின்றது. பெப்பே ஓடி வந்து கட்டிப்பிடித்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். என் கலியாணத்தன்றுகூட யாரும் என்னை அப்படி மெச்சியதில்லை. அத்தோடு திரும்பி வந்திருப்பேன். ஹுமைத் நானாதான், "சும்மா பட்டுருச்சு மொதலாளி, இன்னொருக்கா போடுங்க பாப்போம்" என்றார். போட்டேன். கிணற்றில் விழுந்தது. அந்த மனுஷர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தங்கள் மகன் லிங்கத்துக்கும் என் மகளுக்கும் இந்நேரம் தட்டு மாற்றி முடிந்திருக்கும்.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. சாமான் சுற்றி வந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்தே எழுத்துக் கற்றவன் நான். கையைப் பிடித்துக் காட்ட வந்த பெப்பேயிடமிருந்து கையை உருவிக்கொண்டேன். காலையில் கடை திறக்குமுன் தனியாகப் பழகினேன். எங்கள் கொல்லை, தாங்கள் பார்த்தபடி, கிணற்றுப் பக்கம் சரிந்தது. எந்தப் பக்கம் வீசினாலும் பந்துக்குத் தண்ணீர் குடிக்கத்தான் ஆசை. தச்சனிடம் சொல்லிப் பலா மரத்தில் எனக்கென்று பந்துகள் கடைந்து வாங்கினேன். அதில் ஒன்றில் கணு இருந்து, அது நாய் மாதிரி வட்டம் சுற்றிவிட்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. காயப்போட்ட மிளகாய்க்குள் ஒன்று புகுந்தது. அடைகாத்த கோழி கூடையை விட்டு ஓடியது. "மொளகா காயப்போட எடமில்ல, கோழி வீட்டுப் பக்கம் வரமாட்டேங்குது, இந்த வயசுல மனுஷன் கோலி வெளாடுறாரு" என்று வள்ளியம்மை சுவரிடம் முறையிட்டாள். இது கோலி அல்ல என்று அவளுக்குப் பலமுறை விளக்கிவிட்டேன்.

இப்போது எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை சின்னப் பந்தும் கிணற்றுக்குள் போயிற்று. ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார் ஹுமைத் நானா. நான் வெல்லப்போகிற நேரம் பார்த்து நிறுத்தலாம் என்பாரா? அடுக்களைக்குப் போனேன். ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து வந்தேன். சரிவில் உருளாமல் நிற்பதற்காக அதன் அடியைக் கத்தியால் சீவினேன். பச்சைப் புல்லில் பச்சைப் பழம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகையால் சாமி மாடத்தில் இருந்த குங்குமத்தை எடுத்து அதன் மேல் பூசினேன். எங்கே நின்று வீசவேண்டும் என்பதில் வாரா வாரம் தகராறு வருகிறபடியால் அடுப்புச் சாம்பலால் குறுக்கே கோடு இழுத்தேன். பந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்க நூல் வேண்டும். வீட்டில் இருந்தது தாலிச் சரட்டுக்கென்று வாங்கி வைத்த மஞ்சள் நூல்தான். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு தவறும் இல்லை. தாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டீர்கள்.

தாங்கள் மாலையில் வருவதாகத்தான் எழுதியிருந்தீர்கள். ராகு காலத்துக்கு முந்திவிட வேண்டும் என்று காலையிலேயே வந்தீர்கள். முன்தெருச் சேற்றில் வண்டி ஏறாது என்று கொல்லை வாசலால் வந்தீர்கள். அந்தச் சமயத்தில் நான் மண்டியிட்டு, மஞ்சள் நூலைப் பழத்தில் வைத்து, விரற்கடை எண்ணிக்கொண்டிருந்தேன். வாய்விட்டு எண்ணாவிட்டால் எனக்குத் தப்பிப்போகும். அதைத்தான் மந்திரம் என்கிறார்கள். பெப்பே வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு, அளவு தனக்குச் சாதகமாக வரவேண்டும் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான். மீனாம்பாள் அம்மாள் பெப்பேயின் தாடியைப் பார்த்தபடியே நடந்து வந்து, பழத்தின் மேல் காலை வைத்துவிட்டார்கள்.

"அய்யய்யோ, கழிப்புப் பழத்த மிதிச்சுட்டேனே! பொண்ணு பாக்கக் கூப்புட்டு எம் புள்ளைக்குச் செய்வின வச்சிருக்காங்களே!"

நான் அதற்கு ஏதோ தகாத சொல் சொன்னேன் என்று தாங்கள் சொல்லிவருகிறீர்களாம். நான் சொன்னது, "கால எடுங்கம்மா, இன்னும் அளந்து முடிக்கல" என்பது மட்டுமே. பதறிப் பின்னால் போனவர்களுக்குக் கணு வைத்த பந்தின் மேல் சறுக்கிக் கால் பிசகியது. அந்த வீக்கம் பந்தால் வந்தது, பழத்தால் வந்தது அல்ல. மந்திரவாதியைக் கூப்பிட வேண்டாம், எண்ணெய் தடவிச் சூடு வைத்தால் போதும். "வண்டியத் திருப்புடா!" என்று தாங்கள் போட்ட சத்தத்தில் தாம்பூலத் தட்டோடு வந்த வள்ளியம்மை தட்டைக் கீழே போட்டாள். வெற்றிலை பாக்கெல்லாம் கிணற்றுப் பக்கம் உருண்டது. எங்கள் கொல்லைச் சரிவு அப்படி.

இத்தனைக்கும் நடுவில் ஹுமைத் நானா என்ன சொன்னார் தெரியுமா? "எலக்கு மேல கால் பட்டுருச்சு மொதலாளி. இந்த ஆட்டம் செல்லாது. மொதல்ல இருந்து ஆடணும்." பெப்பேயும் தலையை ஆட்டினான். அவன் ஊரில் அப்படித்தானாம். கால் படுவதற்கு முன்பே என் பந்து பழத்தை ஒட்டி நின்றது. அதற்குத் தங்கள் கண்ணே சாட்சி. இந்த ஆட்டத்தில் நான் முதன்முதலாக வென்றது அன்றுதான். அது செல்லாது என்பதை என் உயிருள்ளவரை ஒப்புக்கொள்ள மாட்டேன். தேவையானால் மீனாம்பாள் அம்மாள் பதுளைக்கு வந்து, என் பந்து எங்கே நின்றது என்று ஹுமைத் நானாவுக்கு முன்னால் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது வெறும் ஆட்டம் என்பதற்குக் கதிர்காமத்தான் மேல் சத்தியம். இனி என் கொல்லையில் அந்த ஆட்டமே கிடையாது. பந்துகளை வெந்நீர் அடுப்பில் போடச் சொல்லிவிட்டேன். சரிவில் கத்தரி நடப்போகிறேன். பெப்பேயை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சந்திரகாந்தி குணமுள்ள பெண். அப்பன் பந்து உருட்டியதற்காக அவளுக்கு அமைந்த நல்ல இடத்தைக் கெடுத்துவிடாதீர்கள். இதற்கு மேல் பணிந்து எழுத எனக்குப் பழக்கமில்லை.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் கந்தன் அருளால் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். லிங்கத்துக்கு என் ஆசிகள்.

இங்ஙனம்,
வைரவநாதன்

பி.கு. தபாலில் சேர்க்குமுன் கடிதத்தைச் சந்திரகாந்தியிடம் படிக்கக் கொடுத்தேன். பிழை இருந்தால் சொல்வாள் என்று நினைத்தேன். படித்துவிட்டு, "அப்பா, நீங்க சொல்றது சரின்னா ஆட்டம் முடிஞ்சிருச்சு. நீங்க ஜெயிச்சுட்டீங்க, அவங்க போயிட்டாங்க. ஹுமைத் நானா சொல்றது சரின்னா எல்லாரும் திரும்ப வந்து மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டாள். இப்படிப் பேச இவள் யாரிடம் கற்றாள் என்று தெரியவில்லை. நான் கற்றுக்கொடுக்கவில்லை. பிறகு ஹுமைத் நானாவின் கடைக்குப் போய், வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் சொன்னதே சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். ஆகவே, மேலே கத்தரி பற்றி எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். பந்துகள் இன்னும் எரியவில்லை. பெப்பேயும் போகவில்லை. விதிப்படி, மீனாம்பாள் அம்மாளின் கால் பட்டதால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது எதுவும் செல்லாது. தாங்கள் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. கால் குணமானதும் வாருங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.