பூனைக்கு வந்த பரீட்சை

கிட்ட வாங்கோ, கண்ணுகளா. கையிலிருக்கிற காப்பியைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கோ. ஒரு தும்மலின் கதை சொல்கிறேன்.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிற ராமபத்ரன், நாள் முழுக்க மிளகுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவுவார். ஒரு தும்மல் வராது. சாயங்காலம் வீட்டுப் படி ஏறினால் போதும், பக்கத்து வீட்டு ஓடு அதிரும்.

காரணம், அவருடைய சாய்வு நாற்காலியில் சுருண்டு கிடக்கும் பட்டு என்கிற வெள்ளைப் பூனை. வேலை தேடுகிறேன் என்று பாலக்காட்டிலிருந்து வந்து, மழைக்காலம் போயும் தான் போகாத மைத்துனன் பிச்சுமணி கொண்டுவந்தது.

"பூனையை எங்கேயாவது அனுப்பு, அனந்தம்," என்றார் ராமபத்ரன் மனைவியிடம்.

"பட்டு போனா நானும் போவேன், அத்திம்பேரே," என்றான் பிச்சுமணி, தோசையை விழுங்கியபடி.

ராமபத்ரன் காதில் தேன் பாய்ந்தது. ஆனால் அனந்தலக்ஷ்மி விடுவாளா?

"மிளகுல முங்கிக் குளிச்சுட்டு வந்து பூனை மேல பழி போடறேளா? டாக்டர் சொல்லட்டும். பூனைதான்னா ரெண்டு பேரையும் நானே பஸ் ஏத்தறேன். இல்லேன்னா இனிமே நீங்க வாயே திறக்கப்படாது!"

தோப்பும்படி என்கிற ஊரில் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் அம்மிணி விளக்கினாள்: "உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் உண்டு, சாரே. ஆகாததைக் கண்டா கூச்சல் போடுவான். அதாக்கும் தும்மல். கையில மிளகு, தூசி, பூனை ரோமம்னு துளித்துளியா வெச்சுக் குத்தினா, ஆகாத இடத்துல தடிக்கும். ஒரு வாரம் தும்மல் மாத்திரை தொடப்படாது, கேட்டோ. தின்னா காவல்காரன் வாயைக் கட்டின மாதிரி."

ராமபத்ரனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. மாத்திரை டப்பாவைப் பிச்சுமணியிடம் நீட்டினார்.

"நான் அழுது கேட்டாலும் குடுக்காதேடா."

"சத்தியமா உங்க கையில குடுக்கமாட்டேன், அத்திம்பேரே!"

பாவம், நல்ல பையன். மறுநாள் முதல் அவனே முதலில் எழுந்து அத்திம்பேருக்குக் காப்பி கலந்து கொண்டுவந்தான். அனந்தலக்ஷ்மி உருகிப்போனாள்.

"கசக்கறதேடா."

"சிக்கரி கொஞ்சம் தூக்கல்."

அப்புறம்தான் விபரீதம். தும்மல் நின்றுவிட்டது!

தும்மல் இல்லாவிட்டால் கேஸ் தோற்குமே! ராமபத்ரன் பூனையை மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை. தலைமாட்டில் படுக்க வைத்தார். வாலை எடுத்து மூக்கில் தடவிக்கொண்டார். தும்மல் வரவில்லை, பட்டுவுக்கு அவர்மேல் காதல்தான் வந்தது. கிடங்குக்கே பின்னாலேயே போக ஆரம்பித்தது.

போதாததற்கு அவருக்குத் தூக்கமான தூக்கம். தூக்கம் கலைய, "பிச்சு, இன்னொரு டம்ளர் கொண்டா!" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். தூக்கம் இன்னும் சொக்கியது. ஒருநாள் முதலாளி வீரபாண்டி வந்து பார்த்தால், மிளகு மூட்டை மேல் ராமபத்ரன், ராமபத்ரன் மேல் பட்டு, இரண்டும் குறட்டை.

"ஏய்யா, அந்தப் பூனையாவது எலி புடிக்குது. நீ எதுக்கு?"

பரீட்சை நாள் வந்தது. குடும்பமே போனது. பிச்சுமணி பட்டுவையும் கூடையில் தூக்கி வந்தான். அம்மிணி ராமபத்ரன் கையில் வரிசையாகத் துளி வைத்துக் குத்தினாள். எல்லோரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை, கழுவித் துடைத்த வாழை இலைபோல வழவழவென்று இருந்தது.

"பட்டு, நீ நிரபராதிடி!" பிச்சுமணி கூடையோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இனிமே வாயைத் திறப்பேளா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

ராமபத்ரன் தலை தொங்கியது. சாய்வு நாற்காலி ஜன்மத்துக்கும் போச்சு.

அம்மிணி மட்டும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கடைசித் துளி ஆர்க்கு வெச்சாலும் தடிக்கும், சாரே. எனக்கும் தடிக்கும், டாக்டருக்கும் தடிக்கும். பரீட்சை சரியா நடக்குதான்னு பார்க்க வெக்கறது. உங்களுக்கு அதுவும் தடிக்கலையே? மாத்திரை தின்னீங்களா?"

"ஐயோ, கண்ணால பாக்கலைம்மா! சோறும் காப்பியும் தவிர வாயில ஒண்ணும் போடலை."

அம்மிணி கேட்டாள்: "அந்தக் காப்பியை ஆராக்கும் கலக்கறது?"

கண்ணுகளா, உங்கள் வீட்டில் நாற்காலி உட்காருகிறவருக்கே கிடைக்கட்டும். வந்த விருந்து வயிறு நிறைந்து, வழி தெரிந்து ஊர் திரும்பட்டும். உங்கள் காப்பியில் என்றைக்கும் சர்க்கரை மட்டுமே கரையட்டும்.