சடையன் கரடியின் எஃகு முட்டி

ஒரு காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. தேனுக்காக மருதமரம் ஏறி, கிளை முறிந்து விழுந்ததில் அதன் கால்முட்டி நொறுங்கிப்போனது. குரங்கு டாக்டர் செவந்தி எஃகில் புது முட்டி வைத்துத் தைத்தார்.

“தையல் ஆறுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நீங்களும் நக்கிடாதீங்க.”

“சரிங்க டாக்டரம்மா.”

ஆனால் காடே நலம் விசாரிக்கத் திரண்டு வந்தது. காட்டுப்பன்றி மாமா சேற்றிலிருந்து நேராக வந்து, “எங்க மாப்பிள்ளை, காட்டு!” என்று கட்டுத்துணியைப் பிரித்து மூக்கால் தேய்த்துப் பார்த்தார். நரி தடவியது. மான் தையல்மேலேயே கண்ணீர் விட்டது. தன்மேல் இத்தனை பாசமா என்று சடையனுக்கு உச்சி குளிர்ந்தது.

சில நாளில் முட்டி வீங்கிச் சீழ் வைத்தது. மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், நிறுத்தினால் ஏறும்.

“தோல்மேல சும்மா கிடக்கிற கிருமிதாங்க,” என்றார் செவந்தி. “தையல் வழியா உள்ள போய் எஃகுல ஒட்டிக்கிச்சு. கோந்து மாதிரி ஒரு போர்வையைச் சுரந்து அதுக்குள்ள பதுங்கிடுச்சு. மருந்து அதைத் துளைக்கமாட்டேங்குது. முட்டியைக் கழட்டி, சுத்தம் பண்ணி, வேற வைக்கணும். மறுபடி சீழ் வச்சா காலையே எடுக்கணும்.”

மரமேற முடியாத கரடி எதற்கு? சடையன் தேம்பித் தேம்பி அழுதது.

இரண்டாம் முட்டி வைத்ததும், “தயவுசெய்து யாரும் வராதீங்க” என்று சொல்லி அனுப்பியது. அப்படியும் மாமா வந்துவிட்டார்.

“நான் என்ன அந்நியனா? கட்டை அவிழு!”

சடையன் கண்ணை இறுக மூடிக்கொண்டது. “மாமா, உங்க பொண்ணு கல்யாணத்துல போட்ட கிழங்கு அவியல் ஊசிப்போயிருந்துச்சு!”

மாமாவின் மூக்கு துடித்தது. “இனி உன் குகை வாசல்ல கால் வச்சா என்னைப் பன்னின்னு கூப்பிடாதே!” என்று கிளம்பிவிட்டார்.

அன்றே பார்க்க வந்த நரியைச் சடையன் திருடன் என்றது. மானின் பாட்டை ஊளை என்றது. சொல்லும்போதெல்லாம் அதற்கே நெஞ்சு வலித்தது. ‘கரடிக்குக் கொஞ்சமும் மிருகாபிமானம் இல்லை’ என்று காடே காறித் துப்பியது, நல்லவேளையாகத் தூரத்திலிருந்து.

தையல் அழகாக ஆறியது. சடையன் மரமேறி, ஓர் அடைத் தேன் முழுவதையும் தனியாகவே குடித்தது. பங்கு கேட்க ஒருவரும் வரவில்லை.

நீதி: சுற்றத்தாரைப் புண்படுத்துகிறவனுக்கே புண் ஆறும்.