வினாத்தாளை நானே கசியவிட்ட வியாழக்கிழமை

எதையும் திட்டமிட்டுச் செய்கிறவர்கள், கெடுக்கும்போதும் திட்டமிட்டே கெடுப்பார்கள். இதற்கு என் நாட்குறிப்பில் சாட்சி இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரத்தில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நான் ஆசிரியை. வார நாட்களில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். (அடுத்தவர் தவறைக் கண்டுபிடிப்பதே தொழில். என்னுடையது கணக்கில் வராது.) அந்தக் கோடையில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி ஒரு தடித்த புத்தகத்தைப் படித்துத் தொலைத்தேன். குழந்தை என்பது சின்ன உருவிலிருக்கும் பெரியவர் அல்ல. ஒவ்வொரு வயதிலும் அது யோசிக்கும் விதமே வேறு. தொட்டு, பிரித்து, சேர்த்துப் பார்த்துத்தான் கற்கும் என்றெல்லாம் அதில் இருந்தது. மறு வாரமே நோட்டில் ‘அ’வை இருபது முறை எழுத வைப்பதை நிறுத்தினேன். வகுப்பு முழுக்கப் புளியங்கொட்டையும் டம்ளருமாக ஆனது.

ஆறாவது வாரம் பெற்றோர் பொறுமை இழந்தார்கள். நோட்டு காலியாக இருக்கிறதே என்று ஒருங்கிணைப்பாளர் செல்வி அக்காவிடம் புகார் போனது. (ஈரோட்டுக்காரர். கோபத்தையும் ‘ங்க’ போட்டே சொல்வார். அதனால் பயம் இரட்டிப்பு.)

“வர்ற ஞாயித்துக்கிழமை பேரன்ட்ஸ் எல்லாம் வந்து உட்காரட்டுங்க. அவங்களுக்குப் புரிஞ்சா இப்படியே நடத்துங்க. இல்லைன்னா பழையபடி நோட்டு. வேற டீச்சரப் போட்டுக்கறனுங்க.”

எனக்கு அந்தப் பதினொரு குழந்தைகளை விட மனமில்லை. புத்தகத்திலிருந்து ஒரு சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை மட்டும் ஒடுக்கமான, உயரமான குவளைக்கு மாற்றினால், இந்த வயதில் பல குழந்தைகள் ‘குவளையில்தான் நிறைய’ என்பார்கள். அந்தத் தப்பான விடைதான் எனக்கு வேண்டும். அது வந்ததும், ‘பார்த்தீர்களா, இந்தப் புரிதல் சொல்லிக்கொடுத்து வருவதில்லை’ என்று பெற்றோரிடம் பேச ஆரம்பிப்பேன். போகிற போக்கில் நிறைய, கொஞ்சம், சமம் என்ற மூன்று சொற்களையும் குழந்தைகள் பழகிக்கொள்வார்கள்.

என் ஒழுங்கு என்னைக் கவிழ்த்தது இங்கேதான். வியாழக்கிழமையே எல்லாப் பெற்றோருக்கும் நிமிட வாரியாக நிகழ்ச்சி நிரல் அனுப்பினேன். ‘10.05: தண்ணீர்க் கேள்வி.’ கேள்வியையும் முழுதாக எழுதி, அதன் கீழே தடித்த எழுத்தில், ‘இது தேர்வு அல்ல. தயவுசெய்து குழந்தைகளைத் தயார்ப்படுத்த வேண்டாம்.’

(தமிழ்ப் பெற்றோர் கையில் கேள்வியைக் கொடுத்துவிட்டுத் தயார்ப்படுத்தாதீர்கள் என்று சொன்னவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.)

ஞாயிறு, 10.05. சுவரோரம் பெற்றோர். கடைசியில் என் கணவர் முரளி, வீடியோ எடுக்கக் கைப்பேசியுடன். நான் டம்ளரைத் தூக்கினேன். இன்னும் சாய்க்கக்கூட இல்லை.

“ரெண்டும் சமம், டீச்சர்,” என்றன பதினொரு குரல்கள்.

பெற்றோர் கைதட்டினார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்வரிசை நிலா நேர்மையான பெண்.

“அப்பா சொன்னாங்க. ஃபைவ் டைம்ஸ் ப்ராக்டிஸ் பண்ணோம்.”

அவள் அப்பா கார்த்திக் ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டை ஆராயத் தொடங்கினார். நான் பாதித் தண்ணீரைக் குவளையிலும் மீதியை நிகழ்ச்சி நிரலின் மீதும் ஊற்றினேன்.

“வீட்லயே படிச்சிட்டாங்களாட்ட இருக்குதுங்க,” என்றார் செல்வி அக்கா. “அப்ப நோட்டே போதுமுங்களே.”

அன்றைய நாட்குறிப்பு: ‘10.05 தண்ணீர். 10.07 என் ஆசிரியப் பணி நிறைவு.’

அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், 10.40க்கு வைத்திருந்த தின்பண்டத்தை 10.08க்கே எடுத்தேன். ஆளுக்கு ஒரு தட்டை. நிலாவுக்கு முழுசாக ஒன்று. அடுத்து ஆதவ். அவசரத்தில் நான் அழுத்திப் பிடித்ததில் அவனுடையது நாலாக உடைந்தது. நாலு துண்டையும் அவன் தட்டில் வைத்தேன்.

நிலாவின் உதடு பிதுங்கியது.

“அவனுக்கு நிறைய! எனக்குக் கொஞ்சம்!”

வகுப்பே திரும்பியது. அவனுக்கு மட்டும் ஏன் நாலு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், அதுவும் தமிழில். (பாத்ரூம் போகக்கூட ஆங்கிலத்திலேயே அனுமதி கேட்கும் குழந்தைகள்.) ஆதவ் தன் செல்வத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டான்.

கார்த்திக் பதறி ஓடிவந்தார். “நிலாம்மா, ரெண்டும் சமம்டா. இப்பதானே தண்ணில கரெக்டா சொன்னே?”

நிலா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அது வாட்டர்ப்பா. இது தட்டை.”

முதலில் சிரித்தவர் செல்வி அக்கா. பிறகு சுவரோரம் முழுக்கச் சிரிப்பு. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த உரை தேவைப்படவே இல்லை. அதைவிடச் சுருக்கமாக நிலா சொல்லிவிட்டாளே.

“அப்ப அவளுக்குப் புரியவே இல்லீங்களா?” என்றார் கார்த்திக்.

சேர்த்துப் பார்க்கட்டும், தானாக வரும் என்றேன். நிலா ஆதவிடம் கெஞ்சித் துண்டுகளை வாங்கி, தன் தட்டையின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைக் காணோம். ஆதவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

நிலா காலியாக இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“இப்ப எனக்குத்தான் நிறைய.”

இந்த முறை விடை சரி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“நோட்டு கெடக்கட்டுங்க,” என்றார் செல்வி அக்கா. “அடுத்த வாரமும் தட்டை கொண்டாங்க.”

இன்றும் அந்த வகுப்பு என்னுடையதுதான். நிகழ்ச்சி நிரலை மட்டும் யாருக்கும் அனுப்புவதில்லை. ஆனால் முரளி எடுத்த வீடியோ அழியவில்லை. போன வாரம் இரண்டாவது மைசூர்பாகை எடுத்தவரிடம், இனிப்பை விட்டுவிட்டதாக டாக்டரிடம் சொன்னீர்களே என்று கேட்டேன். நிதானமாக அதை நாலாக உடைத்துக்கொண்டே சொன்னார்:

“அது வாட்டர்ம்மா. இது தட்டை.”